சும்மா சீசாவின் வெளிச்சம்

சாயக்காரி தும்மினால் கைக்குட்டை ரோஜா நிறமாகிவிடும் என்று அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். ரோஜா நிறமெல்லாம் வாரத்தின் முதல் இரண்டு நாள்தான். மற்ற நாள்களில் ஆரஞ்சு, ஊதா, சில சமயம் பெயரே வைக்க முடியாத ஏதோ ஒன்று. அவள் தொட்ட கதவுப் பிடி, அழுத்திய லிஃப்ட் பொத்தான், சாய்ந்து நின்ற சுவர் என எதன்மேல் புற ஊதா விளக்கைக் காட்டினாலும் அவளுடைய விரல் ரேகை பளிச்சென்று எரியும். ஒருமுறை பொதுக் குளிர்பெட்டியில் இருந்த அவளுடைய சாப்பாட்டு டப்பாவை யாரோ காலி செய்துவிட, அந்த ஆளின் மீசை மறுநாள் வரை பச்சையாக ஒளிர்ந்தது என்று சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் மிகை. ஒளிர்ந்தது வாஸ்தவம், ஆனால் மஞ்சளாக.

அவளுடைய தொழில் அப்படி. உயிரோடிருக்கும் செல்லுக்குள் போய் ஒளிர்கிற சாயங்களை உருவாக்குவது. செல்லை என்ன பெரிய மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தாலும் தண்ணீருக்குள் தண்ணீர் மிதப்பதுபோலத்தான் தெரியும். அதற்குள் இழை இழையாக நூல்கள் ஓடுகின்றன. சரக்கு ஏற்றுகின்றன, இறக்குகின்றன. செல் இரண்டாகப் பிரிகிற வேளையில் மரபணுச் சொத்தைச் சமமாகப் பாகம் போட்டு ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் கொடுப்பதும் அந்த நூல்கள்தான். அண்ணன் தம்பி பாகப்பிரிவினைகூட அவ்வளவு நியாயமாக நடந்ததில்லை. அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், அந்த நூலைத் தேடிப் பிடித்துக்கொண்டு ஒளிர்கிற சாயம் வேண்டும். செல்லுக்கு வலிக்கக் கூடாது. செல்லுக்குத் தெரியவே கூடாது.

சாயத்தைச் செய்வது மூன்றாம் மாடியில் சாயக்காரி. அதைச் செல்லில் ஊற்றிப் பார்ப்பது தரைத்தளத்து இருட்டறையில் அவளுடைய நாத்தனார். சாயக்காரி கழுத்தை நீட்டியது என்னவோ அண்ணனுக்குத்தான்; ஆயுளின் பெரும்பகுதியைக் கழிப்பது தங்கையோடு. அந்த அண்ணன் பாவம், வீட்டில் இருவரும் சாப்பாட்டு மேஜையில் செல்லைக் கொன்றது யார் என்று சண்டை போடும்போது, போலீஸ் வந்துவிடுமோ என்று ஜன்னல் கதவை எழுந்துபோய்ச் சாத்துவார்.

ஏனென்றால் செல்கள் சாகத்தான் செய்தன. சாயக்காரியின் சாயம் எல்லாமே கண்ணைப் பறிக்கும் அழகு. குடுவையில் இருக்கும்போது அதைப் பார்க்கப் பக்கத்து ஆய்வகத்திலிருந்து ஆள் வரும். செல்லுக்குள் போனதும் மொத்தச் செல்லையும் வெள்ளம்போல நிரப்பிக்கொண்டு எல்லா இடத்திலும் எரியும்.

"அண்ணி, நான் கேட்டது நூலு மட்டும் தெரியணும்னு. நீங்க வீடு பூரா விளக்கைப் போட்டுட்டு மின்மினிப்பூச்சியைத் தேடச் சொல்றீங்க," என்பாள் நாத்தனார்.

"உனக்குத் தேடத் தெரியலேன்னு சொல்லு. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்."

"கூடம் கோணல் இல்ல. கூடம் தீப்பிடிச்சு எரியுது. நூலு தெரியணும்னு நான் லைட்டைக் கூட்டுறேன், சாயத்தைக் கூட்டுறேன், அது பாவம் கருகிப் போகுது."

இந்தக் கச்சேரி எத்தனை காலம்தான் நடக்கும்? ஒருநாள் நிறுவனத்தின் தலைவர் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். அவருடைய அறையில் ஏற்கெனவே எலிக்காரர் உட்கார்ந்திருந்தார். எலிக்காரர் நல்ல மனிதர், எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறவர். ஒரே குறை, அவருடைய எலிகள் கணக்கு வாத்தியாருக்கே சவால்விடும் வேகத்தில் பெருகிக்கொண்டிருந்தன. அவருக்கு இடம் தேவை.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன்," என்றார் தலைவர். "ஒரு செல்லு ரெண்டா பிரியுறதை, ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும், அது சாகாம, உங்க சாயத்தை வச்சுக் காட்டுங்க. நான் நேர்ல உக்காந்து பாக்கணும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை."

"காட்டலேன்னா சார்?" என்றாள் சாயக்காரி.

"மூணாவது மாடி ரூம் எலிக்குப் போகும். நீங்க பெயின்ட் பரிசோதனைப் பிரிவுக்குப் போயிடலாம். அங்கயும் நிறம்தானே?"

"அது செவுத்துக்கு அடிக்கிற நிறம் சார்!"

"செவுரு சாகாதுல்ல," என்றார் தலைவர். அவர் பகடியாகச் சொன்னாரா, ஆறுதலாகச் சொன்னாரா என்பது கடைசிவரை விளங்கவில்லை.

வெளியே வந்ததும் எலிக்காரர் மிகுந்த பணிவோடு கேட்டார்: "மேடம், உங்க ரூம்ல வெயில் அடிக்குமா? குட்டி போட்டதுக்கெல்லாம் வெயில் ஆகாது."

சாயக்காரி படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். அந்த அறையின் ஒவ்வொரு தரை ஓட்டிலும் அவள் சிந்திய நிறம் ஊறியிருந்தது. அங்கே கூண்டுகளை வைத்தால் எலிகள் எல்லாம் ஊதாவாகத்தான் பிறக்கும் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். நினைப்பில் கொஞ்சம் சுகம் இருந்தது. ஆனால் படியேறும்போது அந்தச் சுகம் போய்விட்டது. பெயின்ட் பிரிவில் அவளுக்கு ஒரு வேலை கிடைக்கும், நாற்காலி கிடைக்கும், குளிர்சாதனம்கூட உண்டாம். இல்லாத ஒரு பொருளை யோசித்து, வரைந்து, உண்டாக்கி, அது முதல்முதலாக ஒளிர்வதைப் பார்க்கிற வேலை மட்டும் கிடைக்காது.

மூன்றாம் மாடிக்குப் போய் கரும்பலகை முன்னால் நின்றாள். அவளுடைய சாயத்தின் மூலக்கூறு ஒரு நண்டு மாதிரி இருக்கும்: நடுவில் தட்டையான உடம்பு, பக்கத்துக்கொரு கொடுக்கு, கீழே ஒரு கை. வாலில் நூலைப் பிடிக்கிற கொக்கி. அந்தக் கையில்தான் வில்லங்கம், அது மின்னேற்றத்தைச் சுமந்துகொண்டு நிற்பதால் செல்லின் சவ்வைத் தாண்டத் திணறுகிறது என்று அவள் முடிவு கட்டினாள். கையை அழித்துவிட்டு வேறொரு கை போட்டாள். சவ்வு இனி இதைத் தன் வீட்டு ஆள் என்று நினைத்துக் கதவைத் திறந்துவிடும்.

அடுத்த நாள்கள் முழுக்கக் கொதிக்கவைத்தாள், குளிரவைத்தாள், வடித்தாள். கடைசியில் கலவையைச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு ஒரு நீளமான கண்ணாடிக் குழாயில் வெள்ளைத் தூளை நிரப்பி, மேலே கலவையை ஊற்றி, கரைப்பானை விட்டுக்கொண்டே வந்தால் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு வேகத்தில் பட்டை பட்டையாகக் கீழே இறங்கும். சாயம் செய்கிறவர்களுக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி. மற்ற வேதியியல்காரர்கள் எந்தத் துளியில் எது வருகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்ள, இவர்கள் நிறம் வரும்போது குழாயின் கீழே சீசாவை நீட்டினால் போதும். நிறத்தைப் பிடி, மீதியைக் கொட்டு. சாயக்காரி பழகிய பாடம் அதுதான். கண்ணைக் கட்டிவிட்டால்கூட நிறத்தை வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவாள் என்பார்கள். (வாசனை கரைப்பானுடையது. ஆனாலும் சொல்வார்கள்.)

அன்று குழாயில் இறங்கியது ஒரு நோஞ்சான் ரோஜாப் பட்டை. நூலைப் போல மெலிந்து வந்தது. அதற்கு முன்னால் குடம் குடமாக நிறமில்லாத தெளிநீர். "அழுக்கு," என்று அதைக் கழிவுப் புட்டியில் ஊற்றினாள். மெலிந்த பட்டையை மட்டும் பொன்னைப்போலப் பிடித்துவைத்தாள்.

ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு ஒரு யோசனை வந்தது. எந்தப் பரிசோதனைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு வெறும் சீசா வேண்டும்: அதே ஆள், அதே கரைப்பான், அதே பாத்திரம், சாயம் மட்டும் கிடையாது. அவர்களுக்குள் அதற்குப் பெயர் சும்மா சீசா. வழக்கமாக வெறும் கரைப்பானையே அதில் வைத்து அனுப்புவாள். ஆனால் 'உங்க அழுக்குதான் அண்ணி என் செல்லைக் கொல்லுது' என்று நாத்தனார் கொஞ்ச நாளாகப் பாடிக்கொண்டிருந்த பாட்டு காதில் ஒலித்தது. அழுக்கையே சும்மா சீசாவில் வைத்து அனுப்பினால்? செல் சாகவில்லையென்றால் அந்த வாயை நிரந்தரமாக அடைத்துவிடலாமே! புட்டியில் போகவிருந்த தெளிநீரில் ஒரு கரண்டி எடுத்து, வற்றவைத்து, கரைத்து, சும்மா சீசாவில் அடைத்தாள். மீதியெல்லாம் புட்டிக்குப் போயிற்று. விஞ்ஞானம் வளர்ந்ததெல்லாம் உண்மையைத் தேடித்தான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நாத்தனாரின் வாயை அடைக்கவும் வளர்ந்திருக்கிறது.

இரண்டு சீசாவும் கீழே போயின. மறுநாள் காலை போன் அடித்தது.

"அண்ணி, கீழ வாங்க."

"என்ன, செத்துடுச்சா?"

"செத்தா போன் பண்ணுவேனா? அது தினமும் நடக்குறதுதானே. வாங்கன்னா வாங்க."

இருட்டறையில் திரையின் நீல வெளிச்சத்தில் நாத்தனாரின் முகம் உம்மென்றிருந்தது. திரையில் முதல் படம்: ரோஜாச் சாயம் போட்ட செல். வழக்கம்போல வீடு பூரா விளக்கு. போயிற்று. அறை எலிக்குத்தான்.

"இது எதிர்பார்த்ததுதான். இப்ப இதைப் பாருங்க," என்று நாத்தனார் அடுத்ததைத் திறந்தாள். "இது உங்க சும்மா சீசா."

கறுப்பான திரை. அந்தக் கறுப்பில், செல்லின் நடுவிலிருந்து ஓரம் வரைக்கும், முடியைவிட மெல்லியதாக ஆயிரம் இழைகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக, எண்ணிப் பார்க்கலாம்போலத் தெளிவாக ஒளிர்ந்தன. ஒன்று நீண்டது. பக்கத்தில் ஒன்று சட்டென்று சுருங்கி உள்ளே போயிற்று.

"சும்மா சீசான்னா சும்மா இருக்கணுமா, இல்லையா?" என்று நாத்தனார் ஆரம்பித்தாள். "பாத்திரம் கழுவுறதுன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? வீட்டுலயும் இதே லட்சணம்தான். அண்ணன் எல்லாத்தையும் திரும்பக் கழுவுறது உங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு."

"திரும்பக் கழுவுறாரா?"

"பேச்சை மாத்தாதீங்க. உங்க கை பட்டா பச்சைத் தண்ணியும் பத்திக்கும். எதையோ கலந்துட்டீங்க. வெத்துச் சீசாவே இப்படி எரியுதுன்னா மத்த அளவெல்லாம் குப்பை. நான் தலைவர்கிட்ட எதைக் காட்டுறது?"

சாயக்காரிக்குச் சண்டை போட ஆசைதான். எட்டு வகையான பதில்கள் நுனிநாக்கில் வரிசை கட்டி நின்றன. ஆனால் கண் திரையைவிட்டு வரமாட்டேன் என்றது. "திரும்பப் போட்டுப் பாரு," என்றாள். "நான் எதையும் தொடலை."

தொடவில்லை என்றால் சும்மா இல்லை. நாத்தனார் அவளை வெளியே நடைபாதையில், பிடிபட்ட கள்ளனைப்போல இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்கவைத்தாள். புதுத் தட்டு, புது ஊசி, புதுக் கையுறை, புதுச் செல். அந்தப் பக்கம் வந்த எலிக்காரர் நின்று பார்த்தார்.

"உடற்பயிற்சியா மேடம்?"

"தோள்பட்டைக்கு நல்லது. நீங்க போங்க."

கை மரத்துப்போன பிறகு கதவு திறந்தது. "வாங்க," என்றாள் நாத்தனார். குரலில் பாதி காற்று இறங்கியிருந்தது. திரையில் மறுபடியும் அதே இழைகள்.

"அழுக்குன்னா எல்லா இடத்துலயும்ல பரவும்?" என்றாள் சாயக்காரி மெல்ல. "இது நூலை மட்டும் பொறுக்கிப் பிடிச்சிருக்கே. கொக்கி இல்லாம எப்படிப் பிடிக்கும்? அப்ப இதுல கொக்கி இருக்கு. கொக்கி இருந்தா உடம்பும் இருக்கணும்…"

வாக்கியத்தை முடிக்காமல் சும்மா சீசாவைப் பிடுங்கிக்கொண்டு படியில் ஓடினாள். லிஃப்ட் எல்லாம் அவசரமில்லாதவர்களுக்கு. நாத்தனார் பின்னாலேயே ஓடிவந்தாள். சீசாவின் அடியில் இரண்டு சொட்டுதான் பாக்கி. அதை ஒரு கண்ணாடிச் சில்லில் விட்டாள். தண்ணீர். சுத்தமான, அசட்டுத் தண்ணீர். அதன் பக்கத்தில் ஒரு துளி அமிலத்தைத் தொட்டு வைத்துக் கண்ணாடிக் குச்சியால் இழுத்துச் சேர்த்தாள்.

துளிகள் தொட்டுக்கொண்ட இடத்தில் ஒரு கீற்று சிவந்தது. அது பரவியது. ஒரு மூச்சு விடுவதற்குள் மொத்தச் சொட்டும் அவள் வாழ்நாளில் பார்த்த எந்த ரோஜாவையும் தோற்கடிக்கிற ரோஜாவாக நின்றது.

"அடிப்பாவி," என்றாள் சாயக்காரி. அது தன்னையா, சாயத்தையா, நாத்தனாரையா என்பது தெளிவாக இல்லை.

"என்ன அண்ணி இது?"

"குடை மாதிரி. நான் போட்ட புதுக் கை சும்மா இருக்கலை. மடங்கி உடம்போட ஒட்டிக்கிச்சு. மடக்கின குடைக்கு நிறம் கிடையாது, ஒளியும் கிடையாது. தண்ணியில மிதக்கும்போது மடங்கியே தூங்குது. உன் நூலு அதைப் பிடிச்சு இழுக்குது பாரு, அப்பதான் விரியுது. விரிஞ்சா எரியுது. அமிலம் பட்டாலும் விரியும், அதான் இப்ப சிவந்துச்சு."

நாத்தனார் யோசித்தாள். "அப்ப நூலைப் பிடிக்காதது எதுவுமே எரியாது."

"எரியாது."

"சுத்தியும் இருட்டு. நான் லைட்டைக் கூட்டவே வேண்டாம்."

"வேண்டாம்."

"சாயமும் கொஞ்சமாப் போட்டாப் போதும். செல்லு சாகாது!" நாத்தனார் அண்ணியைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள். சாயக்காரி லேசான உருவம் இல்லை. அன்றைக்கு ஒரு ஜாண் தரையைவிட்டு எழும்பினாள். "மீதி எங்க? உடனே குடுங்க, இப்பவே போடுறேன்."

சாயக்காரி மெதுவாக இறங்கினாள். அவளுடைய பார்வை மேஜைக்கு அடியில் இருந்த கழிவுப் புட்டிக்குப் போனது. அதில் பக்கத்து ஆய்வகங்கள் இரண்டும் அன்று காலைதான் தங்கள் பங்கைக் கொட்டிவிட்டுப் போயிருந்தன. உள்ளே இருந்தது தார் போலக் கறுத்திருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவளைப் பற்றித்தான் கேள்விப்பட்டிருக்கிறோம்; இவள் வெண்ணெயைச் சாக்கடையில் கொட்டிவிட்டு அலைந்திருக்கிறாள்.

"கொட்டிட்டீங்களா?"

"நிறமில்லாததை எவ எடுத்து வைப்பா?"

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டிவிட்டு எலிக்காரர் வந்தார். கையில் அளக்கிற டேப். "சும்மா ஒரு அளவு மட்டும் மேடம். கூண்டு அடுக்குறதுக்கு. நீங்க வேலையைப் பாருங்க." சுவரோரமாகக் குனிந்து அளந்துகொண்டே போனார். நாத்தனார் டேப்பின் மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றாள். அவர் எவ்வளவு இழுத்தும் அறை நீளவே இல்லை.

வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. சாயக்காரி முதலிலிருந்து தொடங்கினாள். கொதிக்கவைத்தாள், குளிரவைத்தாள், வடித்தாள். வியாழக்கிழமை மதியம் கண்ணாடிக் குழாயில் கலவையை ஊற்றிவிட்டு, கையில் சீசாவோடு குழாயின் கீழே நின்றபோதுதான் உறைத்தது. இப்போது எதைப் பிடிப்பது? அவள் தேடுகிற பொருளுக்கு நிறம் இல்லை. கூட இறங்குகிற அழுக்குகளுக்கும் நிறம் இல்லை. எல்லாம் தெளிநீர். நிறத்தைப் பிடி, மீதியைக் கொட்டு என்று பழகிய கை, எப்போது நீட்டுவது என்று தெரியாமல் அந்தரத்தில் தொங்கியது.

"ஏன் அண்ணி ஆட்டோ நிறுத்துற மாதிரி நிக்கிறீங்க?" என்றாள் உதவிக்கு வந்திருந்த நாத்தனார்.

"வர்றது எதுன்னு தெரியலை. எல்லா வண்டியும் ஒரே நிறம்."

"அப்ப எல்லா வண்டியையும் நிறுத்துங்க."

சரியான யோசனை. ஆய்வகத்தில் இருந்த அத்தனை சோதனைக் குழாய்களையும் எடுத்தார்கள். போதவில்லை; இரண்டு மாடியிலும் கடன் வாங்கினார்கள். அன்று அந்தக் கட்டடத்தில் தண்ணீர் குடிக்கக்கூட ஒரு கண்ணாடி டம்ளர் மிஞ்சவில்லை என்று சொன்னால் மிகை, ஆனால் ரொம்ப மிகையில்லை. துளித் துளியாக ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பிடித்து வரிசையாக நிறுத்தினார்கள். கடைசியில் மேஜை முழுக்க ஒரு பட்டாளம். ஒவ்வொன்றும் பார்க்கக் குடிதண்ணீர்.

சாயக்காரி ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு புள்ளி தொட்டு, வெள்ளைத்தூள் பூசிய தகட்டில் வரிசையாக வைத்தாள். புற ஊதா விளக்கைக் காட்டினாள். ஒளிர்ந்த தகட்டில் எல்லாப் புள்ளிகளும் கறுப்பாகத் தெரிந்தன, நானும்தான் நானும்தான் என்று கை தூக்குகிற வகுப்பறைபோல. அதில் யார் உண்மை சொல்வது?

"சொட்டு அமிலம் விட்டாச் சிவக்குமே?" என்றாள் நாத்தனார்.

"இத்தனை குழாயிலயுமா? விட்டா சரக்கு கெட்டுடும். குழாய்ல விடக் கூடாது… தகட்டுல விடலாம். விடக்கூட வேண்டாம். வாசனை காட்டினாப் போதும்."

ஒரு மூடி போட்ட ஜாடியின் அடியில் அமிலத்தை ஊற்றி, புகையை உறிஞ்சும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, தகட்டை இடுக்கியால் பிடித்து உள்ளே தொங்கவிட்டு மூடினாள். இருவரும் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார்கள். வெள்ளைத் தகடு வெள்ளையாகவே இருந்தது. நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சாயக்காரி அவளுடைய கையைக் கிள்ளினாள். அப்போது நடு வரிசையில் ஒரு புள்ளி லேசாகச் சிவந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. மற்றவை எல்லாம் எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல வெளுத்தே இருந்தன.

"இவங்கதான்," என்றாள் சாயக்காரி. அந்த மூன்று குழாய்களை மட்டும் வெளியே எடுத்தாள். கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை வாழ்க்கையில் முதல்முறையாகக் கையில் வைத்திருந்தாள். மூன்றையும் சேர்த்து வற்றவைத்தால் கிடைத்தது, குண்டூசித் தலையில் அள்ளுகிற அளவுக்கு ஒரு வெள்ளைப் பொடி. அவளுடைய அறை, கரும்பலகை, ஊறிப்போன ஓடுகள் எல்லாம் அந்தப் பொடியில் இருந்தன. தும்மல் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு நடைபாதைக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை இருட்டறையில் கதகதப்பாக இருந்தது. செல்லுக்கு உடம்புச் சூடு வேண்டும். திரைக்கு முன்னால் நாத்தனார், பக்கத்தில் சாயக்காரி. தலைவர் உட்காராமல் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். அவருக்கு அடுத்து எலிக்காரர்.

"எங்க?" என்றார் தலைவர்.

"இதுதான் சார்," என்று நாத்தனார் காட்டினாள். திரையில் ஒரு செல் உருண்டு திரண்டு பந்துபோல நின்றது. ஒளிரும் இழைகள் இரண்டு பக்கமும் இரண்டு முனையில் குவிந்து, நடுவில் நூல் நூற்கும் கதிரைப்போலக் கோத்திருந்தன. அதன் மத்தியில் இருட்டாக ஒரு கட்டை: பிரிய வேண்டிய சொத்து. "எந்த நிமிஷமும் பிரிஞ்சுடும்."

எந்த நிமிஷமும் பிரியவில்லை. பெரிய மனிதர்கள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் குழந்தை ஆடிக்காட்டாது, செல்லும் அப்படித்தான். தலைவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். எலிக்காரர் பரிவோடு பெருமூச்சுவிட்டார். கொக்கி உள்ள சாயம் அளவு கூடிப்போனால் நூல்கள் அப்படியே உறைந்துவிடும். உறைந்தால் செல் கடைசிவரை பிரியாது. பந்தாகவே இருந்து செத்துப்போகும். அது சாயக்காரிக்குத் தெரியும்.

"அளவு கூடிடுச்சா?" என்று நாத்தனாரின் காதில் கேட்டாள்.

"நான் போட்டது அண்ணி. கூடலை."

"குறைஞ்சிடுச்சா?"

"குறைஞ்சா எப்படித் தெரியும் உங்களுக்கு இவ்வளவு பளிச்சுன்னு? வாயை மூடுங்க."

"ஏன் நிக்குது?" என்றார் தலைவர்.

நாத்தனார் திரையில் ஓர் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். நடுக்கட்டையோடு சேராமல் ஒரு சின்ன இருட்டுத் துண்டு கதிரின் ஒரு முனையில் தனியாகக் கிடந்தது. "இது ஒண்ணு வந்து சேரலை சார். எல்லாரும் ஏறுற வரைக்கும் வண்டி கிளம்பாது. ஒருத்தரை விட்டுட்டுப் போனா பிறக்குற செல்லு ஊனமாயிடும்."

"அவ்வளவு பொறுப்பா?" என்றார் தலைவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஓர் இழை அந்தத் துண்டை நோக்கி நீண்டது. தொடவில்லை. சுருங்கியது. வேறொரு பக்கமாக இன்னோர் இழை வந்தது, துழாவியது, தவறியது.

"இந்தப் பக்கம், இந்தப் பக்கம்," என்றார் எலிக்காரர் தன்னை மறந்து.

மூன்றாவது இழை தொட்டது. பிடித்தது. துண்டு ஒருமுறை முன்னும் பின்னும் ஆடியது. பிறகு விறுவிறுவென்று நடுவுக்கு நகர்ந்து மற்றவையோடு போய் ஒட்டிக்கொண்டது. நடுக்கட்டை ஒரு கணம் நேர்க்கோடாக நின்றது. அடுத்த கணம் இரண்டாக வகிடெடுத்ததுபோலப் பிளந்து, பாதி இந்த முனைக்கும் பாதி அந்த முனைக்கும் போக ஆரம்பித்தது. இடுப்பு சுருங்கியது. இன்னும் சுருங்கியது. ஒரே ஒரு பாலம்போல நடுவில் இழைகளின் கற்றை பளீரென்று எரிந்தது. இரண்டு பக்கமும் இரண்டு புதுச் செல்கள் தரையைப் பற்றிக்கொண்டு மெல்லக் கால் பரப்பின. உயிரோடு. சௌக்கியமாக.

சாயக்காரி நாத்தனாரின் தோளை எவ்வளவு அழுத்தமாகப் பிடித்திருந்தாள் என்றால், அந்த ஐந்து விரல் தடமும் ஒரு வாரம் போகவில்லையாம்.

"சார், அந்த ரூம் விஷயம்…" என்று எலிக்காரர் மெல்ல ஆரம்பித்தார்.

"ஷ்!" என்றார் தலைவர். திரையின் மூலையில் இன்னொரு செல் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு உருளத் தொடங்கியிருந்தது. "இது என்ன பண்ணப் போகுது? இதுவும் பிரியுமா?"

"பிரியும் சார். நேரமாகும்," என்றாள் நாத்தனார்.

கதவு கொஞ்சமாகத் திறந்து, தலைவரின் உதவியாளர் தலையை நீட்டினார். கூட்டத்துக்கு வந்தவர்கள் மேலே காத்திருக்கிறார்களாம். தலைவர் திரும்பாமலே கையை ஆட்டிக் கதவைச் சாத்தச் சொன்னார். நாற்காலியைத் திரைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"எலிக்கு வேற இடம் பாருங்க," என்றார் எலிக்காரரிடம், கண்ணை எடுக்காமல். "மேடம், நீங்க மேல போங்க. இந்தப் பொடி இன்னும் நிறைய வேணும். இது பிரியறதை நான் பாத்துக்குறேன்."